பத்துக்குப் பத்து போட்ட கை

அத்தியாயம் 6

சுந்தரராமன் எங்கள் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்த நாலாவது நிமிடத்தில் எங்கள் காபிக்கு ஐந்தரை மார்க் போட்டார்.

"பத்துக்கா சார்?" என்று கேட்டேன்.

"பத்துக்குத்தான். அதுல அரை மார்க் டம்ளருக்கு."

ரெமிஜியஸ் சார் சிரிக்கவில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்தெருவில், தையல்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிறுவனத்துக்கு அவர்தான் முதலாளி. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். உடையாத காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் முகம் ஒரே மாதிரி நின்றுவிட்டது. நான் தாரணி, ஓசூர்க்காரி. முன்பு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வரிசையில் நின்று, நாளுக்கு நாலாயிரம் திருகாணிகளை முறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மனிதர்களை முறைக்கிறேன். உட்கார நாற்காலி உண்டு, அதுதான் முன்னேற்றம்.

"என்ன பிரச்சினை சார்?" என்றார் ரெமிஜியஸ்.

"என் பேர்ல எவனோ பத்து போட்டுட்டான்."

பிரச்சினையை அவர் சொன்ன வேகத்தில் நான் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். சுருக்கமாகச் சொல்கிறேன். 'லாந்தர்' என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. தாடிக்காரர் ஒருவர் கையில் லாந்தரோடு பாழடைந்த கோட்டைகளில் ஓடுவார், தாவுவார், பெரும்பாலும் சாவார். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. தாங்களே புதுக் கோட்டைகளைக் கட்டி ஒரு இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். அதற்குப் பெயர் லெவல். அதை விளையாடிப் பார்த்து, குறை நிறை எழுதி, மார்க் போடுவது சுந்தரராமன் போன்றவர்களின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அரசாங்கத்தில் முப்பத்து நாலு வருடம் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற மனிதர், இதை அதைவிட ஒழுங்காகச் செய்கிறார்.

"விளையாட்டு, ரகசியங்கள், சூழல், வெளிச்சம். நாலுக்கும் தனித்தனியா பத்து," என்றார். "பத்தொம்பது வருஷத்துல ஆயிரத்து நூத்தி நாப்பத்திரெண்டு லெவல். ஒருத்தருக்கும் பத்து போட்டதில்லை. ஒம்போது வாங்கினவாளே ரெண்டு பேர்தான். அதுல ஒருத்தர் செத்துப் போயிட்டார்."

"மார்க்கைக் கேட்டா?"

"தாரணி," என்றார் ரெமிஜியஸ் சார். எங்கள் அலுவலகத்தில் என் பெயருக்கு 'வாயை மூடு' என்றும் பொருள் உண்டு.

போன திங்கட்கிழமை, 'நீர்மாளிகை' என்ற லெவலுக்கு சுந்தரராமன் பெயரில் ஒரு விமர்சனம் வந்திருக்கிறது. கட்டியவர் யாரென்று தெரியாது. 'மொட்டைமாடி' என்று ஒரு புனைபெயர், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருந்ததை ரெமிஜியஸ் சார் தமிழில் உரக்கப் படித்தார்.

"'நேரம்: ஒரு மணி நாற்பது நிமிடம். ஒன்பது முறை செத்தேன். ஒன்பது முறையும் தப்பு என்னுடையது, கட்டியவருடையது அல்ல. கடைசி நீர் அறையில் எழுந்து நின்று கைதட்டினேன். பத்து, பத்து, பத்து, பத்து.'"

"நான் எழுந்து நிக்கிற ஆளா?" என்றார் சுந்தரராமன். "அந்த லெவலை நான் திறந்துகூடப் பார்க்கலை. யாரோ என் கணக்குல பூந்துட்டான். ஆத்துல நானும் என் சம்சாரமும்தான். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

தளத்தை நடத்தும் கோவிந்தப்பாவுக்கு ரெமிஜியஸ் சார் போன் போட்டார். அவர் வைட்ஃபீல்டில் ஏதோ அலுவலகத்தின் படிக்கட்டில் நின்று ரகசியமாகப் பேசினார்.

"நோடி சார், அந்த விமர்சனம் அவர் வீட்டு இணைப்புலேர்ந்துதான் வந்திருக்கு. ஃபோரம்ல எல்லாரும் சுந்தரராமன் சார் விலை போயிட்டார்னு கத்தறாங்க. வருஷாந்தரப் போட்டி இன்னிக்கி அஞ்சு மணிக்கு முடியுது. அதுக்குள்ள வெளியாள் ஒருத்தர் 'வேற யாரோதான் போட்டது'ன்னு எழுதிக் கொடுத்தா, அந்த ஒரு விமர்சனத்தை மட்டும் எடுத்துடுவேன். இல்லேன்னா அவரோட எல்லா விமர்சனமும் போயிடும். ரூல் அப்படி."

"வேற என்ன ரூல் இருக்கு?"

"முழுசா முடிக்காம மார்க் போடக் கூடாது. போட்ட மார்க்கை மாத்தக் கூடாது. வீட்டு ஆள் கட்டின லெவலுக்கு மார்க் போடக் கூடாது. போட்டா அந்த லெவலே போட்டியிலேர்ந்து அவுட்."

சுந்தரராமன் எழுந்தார். "அந்தக் கடுதாசி மட்டும் போதும் எனக்கு. பத்தொம்பது வருஷப் பேர் சார். சும்னே, காரணமில்லாம அவளைக் கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேக்காதேங்கோ. வாட்ஸப்புல குட்மார்னிங் அனுப்பறதுக்கு மேல அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

வாசல் வரை போனவர் திரும்பி, "கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டா," என்றும் சேர்த்தார்.

மல்லேஸ்வரத்துக்கு என் ஸ்கூட்டரில் போனோம். சார் பின்னால் உட்கார்ந்தால் வண்டி ஜெபக்கூட்டம் ஆகிவிடும். சிக்னலுக்கு ஒரு 'இயேசுவே'.

"தாரணி, அவரு சம்சாரத்தப் பத்தி நாம எதனா கேட்டமா?"

"இல்ல சார்."

"மூணு தடவ பதில் சொன்னாரு."

"பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றது புருஷனுங்க பழக்கம்தான சார்?"

"ஒரு தடவ சொன்னா பழக்கம். இயேசுவே, லாரி!"

வீடு பழைய தனிவீடு. அனந்தலக்ஷ்மி அம்மாள் தட்டு நிறைய கோடுபளே, அதாவது பெங்களூர் வளைய முறுக்கு, கொண்டுவந்து வைத்தார். அறுபது வயது, பருத்திப் புடவை, நம்மை ஒரு பார்வையில் எடை போட்டுவிடும் கண்கள். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சுந்தரராமன் ஒன்றைக் கடித்துவிட்டு யோசித்தார்.

"ஏழே முக்கால்."

"முப்பத்தாறு வருஷமா எட்டைத் தாண்டலை," என்று அந்த அம்மாள் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றது. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. அந்தக் கோடுபளேக்கு நான் பத்து போட்டு, கூட ரெண்டும் போட்டிருப்பேன்.

கம்ப்யூட்டர் அறையில் எல்லாம் வரிசையாக இருந்தது. விளையாடிய ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு எண், எண்ணுக்கு ஒரு ஃபோல்டர். திருகாணி எண்ணிய பழக்கத்தில் என் கண் தானாகக் கடைசி எண்ணுக்குப் போனது: 1141.

"சார், ஒண்ணு குறையுதே?"

"அது... வைரஸ்," என்றார் சுந்தரராமன்.

"ஒரே ஒரு ஃபோல்டரைத் தின்னுட்டுப் போற வைரஸா? டயட்ல இருக்கும்போல."

ரெமிஜியஸ் சார் என் பெயரைச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து, "தாரணி, அந்த நீர்மாளிகைய இறக்கி விளையாடு," என்றார்.

"எனக்கு விளையாட வராதே சார்."

"அதான் வேணும்."

அடுத்த மூன்று மணி நேரம் அந்தத் தாடிக்காரரை நான் படுத்திய பாட்டுக்கு அவர் போலீசில் புகார் கொடுத்திருக்கலாம். சுவரில் முட்டினேன். கிணற்றில் தள்ளினேன். என் பின்னால் சுந்தரராமன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தார். ஒரு மரப்பாலம் வந்தது. மூன்று பலகை அகலம். நான் நடுவில் காலை வைக்கப் போனேன்.

"ஐயோ, நடுப்பலகை வேண்டாம்!"

திரும்பிப் பார்த்தேன். சுந்தரராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொதுவா சொன்னேன்," என்றார். "நடுப்பலகைன்னாலே பொதுவா நம்ப முடியாது."

கொஞ்ச தூரம் போனதும், ஒரு கொடி படர்ந்த சுவரைத் தாண்டி நடந்தேன். பின்னாலிருந்து பிரசவ வலி மாதிரி ஒரு முனகல்.

"என்ன சார் ஆச்சி?" என்றார் ரெமிஜியஸ்.

"ஒண்ணுமில்லை. வாயு."

ஒரு வழியாகக் கடைசி அறை. சுவரில் நாலு இரும்புச் சக்கரங்கள். மூன்றாவதில் மட்டும் ஒரு சிவப்புக் கட்டம்போட்ட துணி முடிந்திருந்தது. எல்லாவற்றையும் திருப்பினேன். தண்ணீர் பொங்கி, தாடி மிதந்து, தாடிக்காரர் செத்தார். வரிசையை மாற்றித் திருப்பினேன், செத்தார். அப்போது அனந்தலக்ஷ்மி அம்மாள் காபியோடு உள்ளே வந்தார்.

"இதக் கட்டினவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல சார்," என்றேன். "மூள கொழம்பின ஆளு."

என் டம்ளர் மட்டும் மேஜையில் 'ணங்' என்று இறங்கியது.

தெருவில் யாரோ "நீரு பந்த்து!" என்று தண்ணீர் வந்ததற்குக் குரல் கொடுத்தார்கள். அந்த அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். சுந்தரராமன் என் விரல்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கீபோர்டெல்லாம் கோடுபளே எண்ணெய். பின்னாடி போய் கையை அலம்பிண்டு வாங்கோ."

போனேன். பெங்களூரில் காவேரித் தண்ணீர் நினைத்தபோது வரும். வரும்போது பிடித்து வாசலுக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அதற்காகக் கொல்லைச் சுவரில் நாலு வால்வுகள் இருந்தன. நாலுக்கும் நாலு வண்ணம் அடித்திருந்தது. மூன்றாவதில் ஒரு பழைய சிவப்புக் கட்டம்போட்ட துண்டின் கிழிசல் முடிந்திருந்தது.

கையலம்பாமல் நின்று பார்த்தேன். அனந்தலக்ஷ்மி அம்மாள் முதலாவதை முழுசாகத் திறந்தார். இரண்டாவதை மூடினார். மூன்றாவதை, துணி முடிச்சு கீழே பார்க்கும்வரை மட்டும் திருப்பினார். பிறகு நாலாவது.

"மூணாவது ஏன்மா பாதி?" என்றேன்.

"முழுசாத் திறந்தா சம்ப் பொங்கி வாசல்ல ஏரி ஆயிடும். முப்பது வருஷமா இப்படித்தான். ஊருக்கே குழாய் வரைஞ்சவர் இவர். ஆத்துக் குழாயைத் தொட்டதில்லை."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். முதல் சக்கரம் முழுசாக. இரண்டாவது மூடு. மூன்றாவது, முடிச்சு கீழே பார்க்கும்வரை. நாலாவது. தண்ணீர் சொன்ன பேச்சு கேட்டு வடிந்தது. சுவர் நகர்ந்தது. மேலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி ஈரத் தரையில் பட்டு அறை முழுக்கப் பரவியது. விளையாட்டு என்றாலே கொட்டாவி விடுகிற எனக்குக்கூட எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

எழுந்தேவிட்டேன். "சார், கேஸ் முடிஞ்சது! கட்டினது வெளியாள் இல்ல, இந்த வீட்டம்மா. கொல்லையில இருக்கிற வால்வையே கட்டி வச்சிருக்காங்க. அப்ப விமர்சனம் போட்டதும் அவங்கதான். தன் லெவலுக்குத் தானே பத்து!"

"வாயை மூடுங்கோ!" என்று சுந்தரராமன் கத்தினார். "அவ அப்படிச் செய்யற ஜன்மம் இல்லை!"

வாசலில் அனந்தலக்ஷ்மி அம்மாள் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கட்டினது நான்தான்," என்றார் மெதுவாக. "மார்க் நான் போடலை. எனக்கு இவரோட பாஸ்வேர்டு தெரியாது. திங்கட்கிழமை ராத்திரி அதைப் படிச்சேன். இவர்தான் போட்டார்னு நினைச்சுண்டு தூங்கவே இல்லை. புதன்கிழமைலேர்ந்து இவர் வேற எவனோ போட்டதுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கார். அப்ப எனக்கு வந்த பத்து எவனோ கேலிக்குப் போட்டது. அவ்வளவுதானே?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"கேலிக்கு இல்லமா," என்றார் ரெமிஜியஸ் சார். "தாரணி பாதி கண்டுபிடிச்சா. மீதிய நான் சொல்றேன். இந்த லெவலத் தொறந்தே பாக்கலன்னு சொன்னவருக்கு நடுப்பலகை ஒடியும்னு தெரியுது. செவுத்துல ரகசியக் கதவு இருக்கிற எடத்துல வாயு புடிக்குது. ஆயிரத்து நூத்தி நாப்பத்திரெண்டு லெவல் பாத்தேன்னு காலைல சொன்னாரு. கம்ப்யூட்டர்ல ஆயிரத்து நூத்தி நாப்பத்தி ஒண்ணுதான் இருக்கு. அரை மார்க் விடாத மனுசன் ஒரு லெவலக் கூட்டிச் சொல்வாரா? ஃபோல்டர அழிச்சிட்டாரு, மனசுல இருக்கிற கணக்க அழிக்க முடியல." அவர் சுந்தரராமன் பக்கம் திரும்பினார். "பத்து போட்ட கை உங்க கைதான் சார்."

வீட்டு ஆள் விதி எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி கட்டிய லெவல் என்று தெரிந்தால் அது போட்டியிலிருந்து வெளியே. எவனோ திருடன் போட்ட மார்க் என்றால் மார்க் மட்டும் போகும், லெவல் நிற்கும். அந்தப் பொய்க்கு முத்திரை குத்தத்தான் எங்களைக் கூட்டிவந்திருக்கிறார். இருபது வருடம் பொய்க் கிளெய்ம் பிடித்தவரிடம் கிளெய்ம் போட வந்திருக்கிறார், பாவம்.

சுந்தரராமன் நாற்காலியில் தளர்ந்தார்.

"போட்டப்போ எனக்குத் தெரியாது," என்றார். "செவ்வாய்க்கிழமை இவ தங்கை ஆத்துக்குப் போயிருந்தா. தண்ணி வந்துடுத்து. போன்ல சொல்றா: முதல்ல முழுசா, ரெண்டாவது மூடு, மூணாவது முடிச்சு கீழ பாக்கற வரைக்கும்... மூணாவது வால்வைப் பிடிச்சுண்டு அப்படியே நின்னுட்டேன் சார். சம்ப் பொங்கி செருப்பெல்லாம் மிதக்கறது. நான் நின்னுண்டே இருக்கேன்."

"அதான் என் செருப்பு இன்னும் காயலையா?" என்றார் அந்த அம்மாள்.

"இவ லெவல் ஜெயிக்கணும். என் பேர் போனாப் போறது. சார், அந்தக் கடுதாசியை எழுதிக் கொடுத்துடுங்கோ. மணி நாலரை."

"பொய் எழுத மாட்டேன்," என்றார் ரெமிஜியஸ்.

"எழுதவும் வேண்டாம்," என்றார் அனந்தலக்ஷ்மி அம்மாள். இரண்டடி உள்ளே வந்தார். "பதினாலு மாசம் மொட்டைமாடில வத்தல் காய வைக்கறேன்னு சொல்லிட்டு லாப்டாப்பை வச்சுண்டு கட்டினேன். கதவு திறக்கலைன்னு ஃபோரத்துல கேட்டா, 'முதலில் பாடத்தைப் படி, யங் மேன்'னு பதில் போட்டது யாரு? பக்கத்து ரூம்ல உக்காந்துண்டு!"

"நீதான்னு தெரிஞ்சதும் அதையெல்லாம் திரும்பப் படிச்சேன். ரெண்டு நாள் சாதம் இறங்கலை."

"நான் ரசம்தான் சரியில்லைன்னு நினைச்சேன்! என் பேர்ல கட்டினா உங்க கிட்ட ஏழே முக்கால்தான் வரும். அதனாலதான் பேரைச் சொல்லலை. போட்டியாம் போட்டி, அதுல இருக்கறவாள்லாம் எனக்கு யாரு? பத்து நீங்க போட்டேளா இல்லையா? வாயால சொல்லுங்கோ."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றினார்.

"போட்டேன். எழுந்து நின்னு கைதட்டினேன். தனியா, இதே ரூம்ல. வேஷ்டி அவுந்தது தெரியலை."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தகுந்த எதுவும் இல்லை என்றாலும் நான் வெளியே பார்த்தேன்.

நாலு ஐம்பதுக்கு சுந்தரராமன் ஃபோரத்தில் எழுதினார்: விமர்சனம் என்னுடையது. லெவல் என் மனைவியுடையது. எழுதியபோது தெரியாது. தெரிந்த பிறகு பொய் சொன்னேன். மார்க்கை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன். கீழே ரெமிஜியஸ் சார் 'இது உண்மை' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கோவிந்தப்பாவின் பதில் ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தது. நீர்மாளிகை போட்டியிலிருந்து நீக்கம். சுந்தரராமன் ஒரு வருடம் யாருக்கும் மார்க் போடக் கூடாது. பழைய விமர்சனங்கள் இருக்கும். அதன் கீழே தனியாக ஒரு வரி: மேடத்துக்கு நமஸ்காரம், அந்த மூணாவது சக்கரம் எனக்கும் வரலை, ப்ளீஸ் எப்படி?

"சொல்லாதேங்கோ," என்றார் அனந்தலக்ஷ்மி அம்மாள்.

சுந்தரராமன் எழுந்து அடுக்களைக்குப் போனார். பாத்திரங்கள் உருண்டன. ஏதோ ஒன்று பொங்கியது. பத்து நிமிடம் கழித்து நாலு டம்ளர் காபியோடு வந்து மனைவியின் முன்னால் நின்றார். முப்பத்தாறு வருடத்தில் அவர் போட்ட முதல் காபி என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அந்த அம்மாள் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"சூழல் நன்னா இருக்கு," என்றார். "நிறம் கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தி, பால் கூடிப்போச்சு. சர்க்கரை ரகசியமாவே இருக்கு, கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை. நாலரை."

"நாலரையா?" என்றார் சுந்தரராமன். டம்ளரை வாங்கிக்கொண்டு நேராக அடுக்களைக்குத் திரும்பி நடந்தார். "இரு, முதல்லேர்ந்து ஆடறேன்."